ஏழாம் கோட்டைக்கு எந்த மொழி

கொண்டச்சி,
11.03.2018

தங்கச்சி இராசேஸ்வரிக்கு,

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது, சில கீழே சறுக்கிக் கிடக்கிறது. பேனை என் கைக்கு மெலிந்த சாமான். மண்வெட்டி பிடிக்கிற இறுக்கத்தில் பிடித்ததால் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. ஆனாலும் இது என் கை. மதலேனாவின் கை இல்லை. அதை முதலில் தெரிந்துகொள்.

இத்தனை வருடமும் உனக்கு வந்த கடிதமெல்லாம் பக்கத்து வளவு மதலேனா எழுதியது. நான் கோபமாகச் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டி ஆட்டி எழுதுவாள். பிறகு வாசித்துக் காட்டச் சொன்னால், 'நாங்கள் நலம், உங்கள் நலத்துக்காக ஆண்டவரை மன்றாடுகிறோம்' என்று இருக்கும்.

"நான் எப்ப பிள்ளை ஆண்டவரைக் கூப்பிட்டனான்?" என்று கேட்டால், "கூடப்பிறந்தவவுக்கு எழுதேக்க இப்பிடித்தான் எழுதவேணும் அண்ணை. நீங்கள் சொல்லுறதை எழுதினா தபால்காரனே கொண்டுபோக மாட்டான்" என்பாள்.

இப்போது அவள் தயவு தேவையில்லை. சிலாவத்துறையில் இருந்து றாபியா ரீச்சர் வந்து, எங்கள் பொதுமண்டபத்தில் வயது போனவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறா. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். திடீரென்று எழுதிக் காட்டி உன்னை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கோபம் முதல் தடவையாகக் கலப்படம் இல்லாமல் உன்னிடம் வருகிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு விளங்காது. உன்னைத் திட்டுவதற்கென்றே புதுப் பேனை வாங்கினேன்.

இனித் திட்டுகிறேன்.

நீதான் எனக்குப் போன் அனுப்பினாய். நீதான் அந்தக் கோட்டை விளையாட்டை அதில் ஏற்றித் தந்தாய். நீ தலைவியாக இருக்கும் கூட்டத்தில் என்னையும் சேர்த்தாய். உலகம் முழுக்க இருந்து நாற்பது பேர். சனிக்கிழமையில் இன்னொரு கூட்டத்தோடு சண்டை. ஒருவருக்கு ஒரு கோட்டைதான், ஒரு கோட்டையை ஒரு தடவைதான் அடிக்கலாம். படம் பார்த்து விளையாட எழுத்துத் தேவையில்லை. ஒரு வருடமாக ஒரு சொல்லும் எழுதாமல், எஞ்சிக் கிடக்கிற சின்னக் கோட்டைகளை ஒழுங்காக அடித்தேன். லூசியா என்ற பிரேசில்காரி எனக்குக் கைதட்டும் படம் அனுப்புவாள்.

போன மாதம்தான் எழுத வருகிறது என்ற துணிவில் கூட்டத்துக்குள் எழுதினேன். 'நான் ஏழாம் கோட்டையை அடிக்கப் போகிறேன். யாருக்காவது மறுப்பு உண்டோ?' போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துப் போட்டேன். பிறகு ஆடுகளுக்குக் குழை வெட்டிப் போட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. அடித்தேன். தோற்றேன். கூட்டமும் தோற்றது. உடனே என்னை வெளியே போட்டாய்.

தோற்றது என் பிழை. வெளியே போட்டது உன் உரிமை. அதற்கு நான் கோபிக்கவில்லை. என் வசனத்தை ஏன் அழித்தாய்?

எங்கள் ஊர்க் கடைக்காரன் சனூனும் அந்தக் கூட்டத்தில்தானே இருக்கிறான். அவனுடைய கடைக்குப் போய் அவன் போனில் பார்த்தேன். ஊர் உலகத்தார் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. என்னுடையது இருந்த இடத்தில் மட்டும் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி. 'தலைவி நீக்கிவிட்டார்' என்று சனூன் வாசித்துச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். "ஏரம்பண்ணே, தங்கச்சி உங்களை வழிச்சுத் துடைச்சுப்போட்டா" என்றான்.

நான் எழுதிய முதல் வசனம் அது. இந்த வயதில் முதல் வசனம். அதைத் துடைத்தவள் என் கூடப்பிறந்தவள்.

போன் எடுக்காதே. எடுத்தாலும் நான் தூக்க மாட்டேன். போனில் நான் ஒன்று சொல்ல நீ பத்துச் சொல்வாய். கடிதத்தில் நீ குறுக்கே பாய முடியாது.

அண்ணன்
ஏரம்பு


பேர்ண்,
28.03.2018

அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. மதலேனா அக்காவே எழுதியிருக்கலாம். ஆண்டவரையாவது ஒரு வரியில் கண்டிருப்பேன்.

எத்தனை தடவை போன் எடுத்தேன் தெரியுமா? மச்சாள்தான் தூக்கினா. "அவர் இல்லை" என்றா. பின்னால் நீங்கள் "இல்லையெண்டு சொல்லு" என்று கத்தியது சுவிஸ் வரைக்கும் கேட்டது.

அந்த வசனத்தைப் பார்த்தபோது சனூன் எழுதித் தந்தது என்றுதான் நினைத்தேன். நீங்கள் எழுதப் பழகுவதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒளித்து வைத்துவிட்டு ஏன் தெரியவில்லை என்று கேட்டால் நான் என்ன சாத்திரம் பார்ப்பவளா? ஆனால் உண்மையைச் சொல்கிறேன். தெரிந்திருந்தாலும் அழித்திருப்பேன்.

ஏழாம் கோட்டை லூசியாவுக்கு என்று வெள்ளிக்கிழமையே எழுதினேன். அதை உடைக்க அவள் பல நாளாகப் படை சேர்த்தாள். அவள் ஒருத்தியால்தான் அது முடியும். நீங்கள் உங்கள் சின்னப் படையோடு போய் மோதி அந்தக் கோட்டையை வீணாக்கினீர்கள். நான் ஆங்கிலத்தில் எழுதியது உங்களுக்கு வாசிக்கத் தெரியாது, அது எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரிந்தவன் சனூன் பக்கத்தில் இருக்கிறான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அந்த நேரம் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் போர்வை மடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து போனைப் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

ஒருவரும் மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி மறுப்பார்கள்? அவர்களுக்கு அது எழுத்து இல்லை, கோலம்.

ஆங்கிலத்தில் மட்டும் எழுத வேண்டும் என்ற சட்டம் நான் கூட்டத்தைத் தொடங்கியபோது இல்லை. பிரேசில்காரர் தங்கள் பாசையில் எழுதினார்கள், துருக்கிக்காரர் தங்கள் பாசையில் எழுதினார்கள். பிரேசில்காரர் தங்களைத்தான் பகிடி பண்ணுகிறார்கள் என்று துருக்கிக்காரர் நினைத்தார்கள், துருக்கிக்காரரைப் பிரேசில்காரரும் அப்படியே நினைத்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். கூட்டம் பாதியானபோதுதான் இந்தச் சட்டத்தைப் போட்டேன். எங்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் வீட்டுப் பாசை இல்லை. அதனால்தான் அதை எடுத்தோம். ஒருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் எல்லாரும் சமமாக நிற்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். தை மாதம் குருநாகலில் இருக்கும் நுவன் என்ற பொடியன் சிங்களத்தில் ஒரு வரி எழுதினான். அதையும் அழித்தேன். ஒரு கிழமை வெளியே நிற்கச் சொன்னேன். ஒரு சொல் சொல்லாமல் போனான். பிறகு வரவில்லை. சிங்களத்தை அழித்த கை, அண்ணன் எழுதினார் என்று தமிழை விட்டுவைத்தால் அது சட்டமா, குடும்பச் சொத்தா?

கையெழுத்து விளங்கியது. 'ழ' போடும்போது வாலைக் கொஞ்சம் குறையுங்கள், அடுத்த வரியில் போய் இடிக்கிறது.

தங்கச்சி
இராசேஸ்வரி


கொண்டச்சி,
15.04.2018

தங்கச்சி,

'ழ'வின் வாலைக் குறைக்க மாட்டேன். எனக்கு மிகவும் வடிவாக வருகிற எழுத்து அதுதான்.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. மதலேனா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தாங்கோ அண்ணை, நான் வாசிச்சுச் சொல்லுறன்" என்றாள். "நீ போ, இது எனக்கு விழுந்த ஏச்சு, நான்தான் வாசிக்க வேணும்" என்றேன். ஒவ்வொரு ஏச்சையும் எழுத்துக் கூட்டி வாங்கிக்கொண்டேன்.

நீ ஊரை மறந்துவிட்டாய். பெரும்போகத்துக்கு முன் கமக்காரர் கூட்டம் எப்படி நடக்கும்? ஒருவன் எழும்பி, "நாளைக்கு என்ர வயலுக்கு வாய்க்கால் திறக்கிறன், ஆருக்கும் மறுப்போ?" என்று கேட்பான். மறுப்பு இருக்கிறவன் அந்த இடத்தில் கத்த வேண்டும். கத்தாவிட்டால் சம்மதம். பிறகு வரம்பில் வந்து நின்று "என்ர முறை" என்று சொன்னால் ஒருவரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எங்களைப் பெற்ற அப்புவும் அப்படித்தான் தண்ணி எடுத்தார். இன்றைக்கும் நாங்கள் அப்படித்தான் எடுக்கிறோம்.

நான் முறைப்படி கேட்டேன். நாற்பது பேரும் வாய் திறக்கவில்லை. எஞ்சிய சின்னக் கோட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு ஏழாம் கோட்டையையே விட்டுத் தந்துவிட்டார்கள், இந்தக் கிழவனில் இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். உன் மச்சாளிடம் போய்ச் சொன்னேன். "பிரேசில்காரரும் ஓம் எண்டிட்டினம், துருக்கிக்காரரும் ஓம் எண்டிட்டினம்" என்றேன். அவள் தேத்தண்ணியோடு ஒரு துண்டு பனங்கட்டி கூடத் தந்தாள். இப்போது நீ எழுதுகிறாய், அவர்களுக்கு அது கோலம் என்று. நான் நாற்பது பேரின் சம்மதத்தோடு போகவில்லை, நாற்பது பேரின் விளங்காமையோடு போயிருக்கிறேன். அந்த வெட்கம் உனக்குத் தெரியுமா?

ஒருவருக்கும் சொந்தமில்லாத இடம் என்று எழுதினாயே, அதை வாசித்தபோதுதான் கடிதத்தைக் கசக்கினேன். பிறகு நீவி எடுத்தேன். நாங்கள் இடம்பெயர்ந்து, அகதிக் காம்பில் இருந்து, திரும்பி வந்தபோது எங்கள் மேட்டுக் காணியில் பற்றை வளர்ந்து கிடந்தது. ஒருவருக்கும் சொந்தமில்லாத இடம் என்று அதில் யாரோ ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதை எடுப்பிக்க எத்தனை தடவை அலைந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆள் இல்லாத இடத்துக்கு யாராவது ஒருவன் பலகையோடு வந்தே தீருவான். உன் கூட்டத்தில் பலகை நட்டவள் நீ.

ஒரு பாசை மட்டும் என்ற சட்டம் எனக்குப் புதிதில்லை. அப்பு தனக்கு விளங்காத சிங்களத்தில் வந்த அரசாங்கக் கடிதத்தை மடித்துச் சண்டிக்கட்டில் செருகிக்கொண்டு கந்தோர் கந்தோராக நின்றாரே, நீயும் பக்கத்தில் நின்றாய். அதைப் பார்த்தவளுக்கு இப்படி ஒரு சட்டம் போடக் கை எப்படி வந்தது?

அந்தக் குருநாகல் பொடியனை வேறு வெளியே போட்டேன் என்று பெருமையாக எழுதுகிறாய். எனக்குச் செய்ததை அவனுக்கும் செய்துவிட்டால் அது நீதியாகிவிடுமா? எனக்கு இப்போது இரண்டு கோபம். ஒன்று என்னுடையது, மற்றது அவனுடையது. அவன் வாய் திறக்காமல் போனான் என்கிறாய். அவனுக்காகவும் நானே கத்துகிறேன்.

உன் மச்சாள் சொல்லச் சொன்னாள்: "உலகத்தில ஆக்கள் இருக்கிற காணிக்கு அடிபடுகினம். நீங்கள் அண்ணனும் தங்கச்சியும் இல்லாத கோட்டைக்கு அடிபடுறியள்." இதை எழுத மாட்டேன் என்றேன். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, எழுதும் வரைக்கும் எழும்ப மாட்டாளாம்.

ஏரம்பு


பேர்ண்,
06.05.2018

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைத் துணி மடிக்கும் மேசையில் வைத்து வாசித்தேன். கூட வேலை செய்யும் எரித்திரியாப் பிள்ளை, "அழுகிறீங்களா?" என்று கேட்டாள். "இல்லை, கோபம்" என்றேன். யாரோடு, ஏன், எவ்வளவு என்று சொல்ல வெளிக்கிட்டேன். இந்த நாட்டு டொச்சுப் பாசையில் எனக்குச் சொல் வரவில்லை. "சரியான கோபம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த நாட்டில் நான் இன்னும் ஒருவரோடும் கோபப்பட்டதில்லை. சலவை அறை மேலாளர் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பிழை சொன்னால், சொல்லைத் தேடுவேன். சொல் கிடைக்கும்போது அவர் போய்விடுவார். மனதுக்குள்ளே தமிழில் திட்டிக்கொண்டு போர்வை மடிப்பேன். இங்கே நான் சரியாகச் சொன்னாலும் ஒருவரும் காது கொடுப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் நான் பிழை பிழையான ஆங்கிலத்தில் எழுதினாலும் நாற்பது பேர் கேட்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் ஆங்கிலமும் பிழைதான். பிழை விட்டுப் பயப்படாமல் நான் நிற்கிற ஒரே இடம் அது. அதைத்தான் நீங்கள் பலகை என்கிறீர்கள். அப்பு கந்தோரில் நின்றதை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் அப்பு மாதிரித்தான் நிற்கிறேன்.

இருந்தாலும் உங்கள் வாய்க்கால் கதை என்னை விடவில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் எழுதினேன். அண்ணன் என்ன எழுதினார், ஏன் அடித்தார், எங்கள் ஊரில் பேசாமல் இருந்தால் என்ன கருத்து, எல்லாம் எழுதினேன். லூசியாதான் முதலில் பதில் போட்டாள். "அவர் என்னிடம் கேட்டுவிட்டா அடித்தார்? நான் ஒரு களவாணிக் கிழவன் என்றல்லவா நினைத்தேன்" என்று எழுதினாள். அவளுக்குக் கோபம் போய்விட்டது. உங்களுக்கு அந்தக் கைதட்டும் படத்தை அனுப்பச் சொன்னாள்.

பிறகு பாசை பற்றிக் கேட்டேன். நிறையப் பேர் ஆங்கிலமே இருக்கட்டும் என்றார்கள். அதனால் சட்டம் மாறவில்லை. ஆனால் இனி ஒருவர் கேட்டால் யாராவது ஒருவர் பதில் போட்டே ஆக வேண்டும், பதில் வராமல் ஒருவரும் அடிக்கக் கூடாது என்று சேர்த்திருக்கிறோம். அது உங்களால் வந்தது.

நீங்கள் திரும்பி வரலாம். கோட்டை இலக்கத்தையும் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லையும் போட்டால் போதும். அந்த இரண்டு சொல்லையும் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். பார்த்துப் போடுங்கள்.

அழித்த வசனத்தைத் திரும்ப எடுக்க முடியுமோ என்று தேடிப் பார்த்தேன். முடியாது. அழித்தால் அழிந்ததுதான். அது நீங்கள் எழுதிய முதல் வசனம் என்று தெரிந்த பிறகு அந்த இடத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அதற்காக உங்கள் மேலும் கோபம் வருகிறது. ஏன் என்னிடம் ஒளித்தீர்கள்?

நுவனுக்கும் எழுதினேன். அவன் இன்னும் பதில் போடவில்லை.

இராசேஸ்வரி


கொண்டச்சி,
03.06.2018

தங்கச்சி,

நுவன் உனக்குப் பதில் போட மாட்டான். அவன் என்னோடு இருக்கிறான்.

உன் கடிதம் வருவதற்கு முன்னமே நான் புதுக் கூட்டம் தொடங்கிவிட்டேன். சனூன்தான் நுவனைத் தேடிப் பிடித்தான். சனூன் புத்தளத்தில் அகதியாக வளர்ந்தவன் என்பதால் அவனுக்குச் சிங்களம் தண்ணிபோல் ஓடும். நுவன் குருநாகலில் வாகன ரயர் கடையில் வேலை செய்கிறானாம். அவன் ஒரு நண்பனைக் கூட்டி வந்தான். சனூனின் தம்பி கட்டாரில் இருந்து சேர்ந்தான். அவனோடு ஒரே அறையில் இருக்கும் நேபாளக்காரனும் சேர்ந்தான். நான் தலைவர். சனூனின் கடையில் எழும்பி நின்று, போனுக்குள் சட்டம் சொன்னேன்: "அவனவன் தன்ர பாசையில எழுதலாம். ஒருத்தரும் ஒண்டையும் அழிக்கக் கூடாது."

உன்னை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இனி நடந்ததை எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் சண்டை அன்று சனூன் மத்தியான லுகர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். நுவனின் நண்பன் சிங்களத்தில் ஏதோ எழுதினான். எனக்கு அது கோலம். நான் பெரிய கோட்டையை அடித்தேன், தோற்றேன். உடனே அவன் இன்னும் நீளமாக எழுதினான். கிழவனைத் தூசணத்தால் பேசுகிறான் என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவன் எழுதியதை அழித்தேன். அவனையும் வெளியே போட்டேன். நான் போட்ட சட்டம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை.

அந்தப் பொத்தான் அவ்வளவு இலேசானது என்று நீ எனக்கு ஏன் எழுதவில்லை? ஒரு வசனம் எழுத எனக்கு எவ்வளவு நேரம் போகிறது! அழிக்க விரல் பட்டால் போதுமாக இருக்கிறது.

சனூன் தொழுதுவிட்டு வந்து தன் போனைப் பார்த்தான். கூட்டத்தில் அழிந்தாலும், எழுதியவுடனே அவனுக்கு வந்த அறிவித்தலில் அந்தப் பொடியன் எழுதியது அப்படியே கிடந்திருக்கிறது. முகம் கறுத்துவிட்டது.

"என்ன பேசியிருக்கிறான்?" என்றேன்.

"பேசவும் இல்ல, ஏசவும் இல்ல, அண்ணே. முதல்ல, பெரிய கோட்டை தனக்கெண்டு கேட்டிருக்கிறான். நீங்க அடிச்ச பிறகு, 'பரவாயில்ல ஐயா, நான் வேற ஒண்டுக்குப் போறன்' எண்டு எழுதியிருக்கிறான். மரியாதையா எழுதின பொடியனைத்தான் தள்ளிவிட்டிருக்கிறீங்க."

உடனே அவனைக் கூப்பிடச் சொன்னேன். சனூன் போனைப் பிடித்தான். நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன், சனூன் சிங்களத்தில் கேட்டான். பொடியன் சிரித்துக்கொண்டே வந்துவிட்டான். அவன் சிரித்தது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அன்றைக்கே சனூனின் கடையில் இருந்து, மற்றவர்களைப் போனில் வைத்துக் கூட்டம் போட்டோம். சனூன் சிங்களத்தில் எழுதலாம் என்றான், என்னையும் நேபாளக்காரனையும் தவிர மற்றவர்கள் சமாளிப்பார்களாம். "என்ர பிணத்துக்கு மேலால" என்றேன். அப்படியென்றால் தமிழ் என்றேன். நுவன் மெல்லமாக ஏதோ சொன்னான். சனூன் எனக்குச் சொன்னான்: "இங்கிலீசைப் போடட்டாம், அண்ணே. அது ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாதாம். அதால ஒருத்தரும் பெரியாள் இல்லையாம்."

உன் கூட்டத்தில் இருந்து அழிபட்டுப் போனவன், உன் வாயால் கதைக்கிறான்! நான் கத்தினேன். என்ன கத்தினாலும் கை தூக்கியபோது நான் ஒருவன்தான் மறுபக்கம். தலைவர் தோற்றார்.

தலைவர்தான் சட்டத்தை எழுத வேண்டும். றாபியா ரீச்சர் ஆங்கில எழுத்தை ஒரு தாளில் எழுதித் தந்தா. கோழி கிண்டிய மாதிரி இருந்தது. பார்த்துப் பார்த்துப் போட்டேன். போட்டு முடித்துவிட்டு, அதற்குக் கீழே தமிழில் நானாக ஒரு வரி எழுதினேன்: 'இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏரம்பு.'

"சட்டத்தைப் போட்ட கையாலேயே மீறுறீங்க" என்றான் சனூன்.

"ஓம், மீறுறன். அழிக்கிற பொத்தான் என்ர கையிலதான் இருக்கு. அழிக்க மாட்டன்" என்றேன். நேபாளக்காரன் அது என்ன என்று கேட்டானாம். சனூன் சொல்லிக் கொடுத்தான். உடனே அவனும் அதற்குக் கீழே தன் பாசையில் ஒன்று எழுதினான். கை தூக்கினாலும் அவனுக்கும் பிடிக்கவில்லையாம். அதையும் நான் அழிக்கவில்லை. இப்போது சட்டத்தை விட அதற்குக் கீழே இருக்கிற கோபம் நீளமாக இருக்கிறது.

உன் கூட்டத்துக்குத் திரும்பி வர மாட்டேன். உன்னோடு கோபம் என்பதால் இல்லை. இங்கே அந்தக் கோபத்தைக் காவல் காக்க ஆள் வேண்டும். லூசியாவுக்கு என் கைதட்டைச் சொல். என்றாவது ஒரு சனிக்கிழமை உன் கூட்டமும் என் கூட்டமும் மோதினால் தங்கச்சி என்று பார்க்க மாட்டேன்.

மற்றது, அந்த மேலாளர். நீ அப்புவைப் போல் நிற்கிறாய் என்று எழுதியதை வாசித்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என்ன சொன்னார், நீ என்ன சொல்ல நினைத்தாய் என்று வரிக்கு வரி எனக்கு எழுது. தமிழில், ஒன்றையும் குறைக்காமல் எழுது. எவ்வளவு நீளம் என்றாலும் எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசிப்பேன். மதலேனா கையில் கொடுக்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்க மாட்டேன். அடுத்த கிழமையே இன்னொன்று எழுதுவேன். தாள்தான் முடிந்துவிட்டது, கோபம் இன்னும் முடியவில்லை.

அண்ணன்
ஏரம்பு